1 டிபி இருந்தும் "மெமரி போதவில்லை" என்கிறது. பெட்டிக்குள் எது எங்கே இருக்கிறது?

#1 வாசற்படி

வணக்கம். கணினியில் தட்டச்சு, எக்செல், இணையம் எல்லாம் செய்வேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென முழிப்பேன். அந்த நிலையில் இருந்து கேட்கிறேன், சிரிக்காமல் பதில் சொல்லவும்.

உறவினர் ஒருவர் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த மேசைக்கணினி. விண்டோஸ் 10. ஹார்டு டிஸ்க் 1 டிபி, அதில் பாதிக்கு மேல் காலி. ஆனாலும் பிரவுசரில் பத்துப் பன்னிரண்டு டேப் திறந்து, கூடவே ஒரு பெரிய எக்செல் கோப்பையும் திறந்தால், "மெமரி குறைவாக உள்ளது, புரோகிராம்களை மூடவும்" என்று செய்தி வருகிறது. இடம் போதவில்லை போல என்று இரண்டு நாள் உட்கார்ந்து பழைய படங்கள், வீடியோக்களை அழித்தேன். 80 ஜிபி காலியானது. செய்தி மட்டும் போகவில்லை.

ஒருவர் "சிபியு பழசு, மாற்றுங்கள்" என்றார். இன்னொருவர் "ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்றார். மூன்றாமவர் "வைரஸ்" என்றார். மூவரில் ஒருவர்கூடப் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

என் கேள்வி: இவ்வளவு காலி இருக்கும்போது எந்த மெமரி போதவில்லை? விண்டோஸ், எக்செல் என்கிறோமே, இவையெல்லாம் உண்மையில் எந்த உறுப்புக்குள் உட்கார்ந்திருக்கின்றன? அப்புறம், 1 டிபி டிஸ்க்கைக் கணினி 931 ஜிபி என்று காட்டுகிறது. மீதியை யார் எடுத்தார்கள்?

#2 கருவண்டு

யாரும் எடுக்கவில்லை. தயாரிப்பாளர் 1 டிபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட் என்று கணக்கு. விண்டோஸ் ஒரு ஜிபி என்பதை 1,07,37,41,824 பைட், அதாவது 1024-ஐ மூன்று முறை பெருக்கிய எண்ணாக வைக்கிறது. வகுத்துப் பாருங்கள், 931 வரும். மேக்கில் அதே டிஸ்க்கைச் செருகினால் 1 டிபி என்றே காட்டும்.

முதல் கேள்விக்கு வருவோம். படங்களை அழித்தது வீண் வேலை, பாவம் நீங்கள். "மெமரி" என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு பொருளுக்குச் சொல்கிறோம். ஒன்று ரேம், இன்னொன்று டிஸ்க். உங்கள் டிஸ்க்கில் இடம் இருக்கிறது. நிறைந்துபோனது ரேம். டிஸ்க்கைக் காலி செய்தால் ரேம் பெரிதாகாது.

#3 ஓலைக்கட்டு

எளிமையாகச் சொன்னால் டிஸ்க் என்பது அலமாரி, ரேம் என்பது மேசை. அலமாரியில் இருந்து கோப்பை எடுத்து மேசையில் விரித்து வேலை செய்கிறோம். மேசை சின்னது என்றால் எல்லாக் கோப்பையும் விரிக்க முடியாது.

#4 சதுரமுடிச்சு

அலமாரி உவமை நல்லதுதான் அண்ணா, ஆனால் ஓர் இடத்தில் கவிழ்த்துவிடும். அலமாரியில் இருந்து எடுத்தால் அலமாரியில் அந்தக் கோப்பு இருக்காது. கணினியில் அப்படி இல்லை. டிஸ்க்கில் இருப்பது அப்படியே இருக்கும், அதன் நகல்தான் ரேமுக்கு வரும். நீங்கள் எக்செல்லில் திருத்துவது அந்த நகலை. சேமி என்று அழுத்தினால்தான் திருத்தம் டிஸ்க்குக்குப் போகிறது. மின்சாரம் போனதும் அரை மணி நேர வேலை காணாமல் போகிறதே, அது இதனால்தான். ரேமில் ஒவ்வொரு பிட்டும் மிகச் சிறிய ஒரு மின்தேக்கியில் இருக்கும் மின்னேற்றம். கசிந்துகொண்டே இருக்கும். வழக்கமாக 64 மில்லிநொடிக்கு ஒருமுறை முழுவதையும் புதுப்பிக்கிறார்கள். மின்சாரம் நின்றால் புதுப்பிக்க ஆள் இல்லை.

#5 பழையவிசைப்பலகை

சிபியு பற்றி ஒரு சிறு புலம்பல். கறுப்புப் பெட்டி முழுவதையும் சிபியு என்று சொல்லும் பழக்கம் எப்போது போகுமோ! பெட்டி வெறும் பெட்டி. அதற்குள் மதர்போர்டு என்ற முதன்மைப் பலகை, அதன் மேல் விசிறிக்கு அடியில் ஒளிந்திருக்கும் தீப்பெட்டி அளவுச் சில்லுதான் சிபியு. "சிபியுவை மாற்றுங்கள்" என்று சொன்னவர் சில்லைச் சொன்னாரா, பெட்டியைச் சொன்னாரா என்று கேட்டுவிட்டுக் கையை வைக்கவும்.

தமிழில் இன்னும் வேடிக்கை. "செயலி" என்றால் சிலருக்கு பிராசஸர், சிலருக்கு கைப்பேசி ஆப். வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு, வித்தியாசம் புரியவில்லை என்றால் எப்படிப் புரியும்? நான் இந்த இழையில் பிராசஸர் என்றே எழுதப்போகிறேன்.

1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் ரேம் 16 கேபியில் தொடங்கியது, பிராசஸர் 4.77 மெகாஹெர்ட்ஸ். உங்கள் கணினியைப் பழசு என்று சொன்னவரிடம் இதைச் சொல்லுங்கள்.

#6 வாசற்படி

நன்றி. தலை லேசாகத் தெளிகிறது. ஆனால் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. எக்செல் படத்தின் மேல் இருமுறை சொடுக்குகிறேன். அதற்கும் திரையில் கட்டங்கள் தோன்றுவதற்கும் நடுவில் என்ன நடக்கிறது? மென்பொருள் எங்கே இருந்து எங்கே போகிறது?

#7 சதுரமுடிச்சு

இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் கணினி ஏன் திணறுகிறது என்பதும் இதில் வந்துவிடும்.

நீங்கள் சொடுக்கியது "சொடுக்கு" என்பதாக மட்டுமே மவுஸில் இருந்து போகிறது. எந்த இடத்தில், எந்தப் படத்தின் மேல் என்று கணக்குப் போடுவது விண்டோஸ், அதாவது இயங்குதளம். அது எக்செல்லின் கோப்பு டிஸ்க்கில் எங்கே கிடக்கிறது என்று தேடி, தேவைப்படும் பகுதிகளை ரேமுக்கு நகலெடுக்கிறது. பிறகு பிராசஸரிடம் "இனி இந்த முகவரியில் இருந்து படி" என்று சொல்லிவிடுகிறது. பிராசஸர் ஒரு கட்டளையை எடுக்கும், என்ன கட்டளை என்று பிரிக்கும், செய்யும், அடுத்ததை எடுக்கும். கூட்டு, ஒப்பிடு, இதை அங்கே வை, இல்லையென்றால் அந்த முகவரிக்குத் தாவு என்று அற்பமான கட்டளைகள். எக்செல் என்பது அப்படிப்பட்ட பல லட்சம் கட்டளைகளின் வரிசை. வரிசையாகவே டிஸ்க்கில் தூங்கும், ரேமுக்கு வந்தால் ஓடும். மென்பொருள் எங்கே இருக்கிறது என்றால் பதில் அதுதான்: சேமிக்கப்பட்டிருப்பது டிஸ்க்கில், ஓடும்போது ரேமில், அந்தந்தக் கணத்தில் ஒரு துளி மட்டும் பிராசஸருக்குள்.

ஏன் டிஸ்க்கில் இருந்தே நேரடியாக ஓட்டக்கூடாது? வேகம். 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் என்றால் நொடிக்கு 300 கோடித் துடிப்பு. ஒரு துடிப்பை ஒரு நொடி என்று நீட்டிப் பார்ப்போம். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்ற குட்டி நினைவகத்தில் இருந்து ஒரு தகவல் வர நாலைந்து நொடி. ரேமில் இருந்து வர ஏறக்குறைய நான்கு நிமிடம். எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் டிஸ்க்கில் இருந்து மூன்றரை நாள். ஹார்டு டிஸ்க்கில் இருந்து? ஏறத்தாழ ஒரு வருடம்.

ஆம், வருடம். உள்ளே தட்டு சுழன்று, அதன் மேல் ஊசி போன்ற முனை நகர்ந்து, சரியான இடம் வரும்வரை காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றாலும் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி ஆகிறது. நமக்கு அது ஒன்றுமே இல்லை. பிராசஸருக்கு ஆயுள்.

இப்போது ரேம் நிறைந்துவிட்டது என்று வையுங்கள். விண்டோஸ் உடனே கைவிரித்துவிடாது. கொஞ்ச நேரமாகத் தொடாத டேப் எதையாவது ரேமில் இருந்து தூக்கி டிஸ்க்கில் பேஜ் ஃபைல் என்ற ஒரு கோப்பில் போட்டுவிட்டு, அந்த இடத்தை எக்செல்லுக்குக் கொடுக்கும். நீங்கள் திரும்ப அந்த டேபுக்குப் போனால் எக்செல்லை வெளியே போட்டு இதை உள்ளே இழுக்கும். நான்கு நிமிட வேலை ஒரு வருட வேலையாக மாறும் இடம் இதுதான். மவுஸ் அம்புக்குறி வட்டமாகச் சுற்றும், டிஸ்க் விளக்கு அணையாது, பெட்டிக்குள் இருந்து கரகர என்று சத்தம் வரும்.

#8 மின்தடை

ரேம் கிளீனர் மென்பொருள் ஒன்று இறக்கிப் போடுங்கள் நண்பரே. ஒரு பொத்தானை அழுத்தினால் ரேம் காலியாகிவிடும். நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

#9 கருவண்டு

தயவுசெய்து வேண்டாம். அந்த மென்பொருள் செய்வது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களைப் பிடித்துப் பேஜ் ஃபைலுக்குத் தள்ளுவது. எண் குறையும், பார்க்க நன்றாக இருக்கும். அடுத்த நொடி அந்தப் புரோகிராமைத் தொட்டால் எல்லாம் டிஸ்க்கில் இருந்து திரும்ப வர வேண்டும். காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் லாபம் இல்லை. விண்டோஸே மிச்ச ரேமில் அடிக்கடி தேவைப்படும் கோப்புகளை நிரப்பி வைத்து, யாராவது இடம் கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும்.

வாசற்படி, ஊகம் போதும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி, டிஸ்க், சிபியு மூன்றும் என்ன காட்டுகின்றன என்று செய்தி வரும் நேரத்தில் பார்த்துச் சொல்லுங்கள். "கமிட்டட்" என்று ஓர் எண் இருக்கும், அதையும்.

#10 வாசற்படி

பார்த்துவிட்டேன். பிராசஸர் ஐ5-7400, 3 கிகாஹெர்ட்ஸ், பயன்பாடு 12 சதவீதம். டிஸ்க் 100 சதவீதம், அசையவே இல்லை. மெமரி 3.7 / 3.9 ஜிபி. கமிட்டட் 7.8 / 7.9. "ஸ்லாட் 2-ல் 1" என்றும் போட்டிருக்கிறது. டிடிஆர்4, 2400. விண்டோஸ் 64 பிட்.

4 ஜிபி ரேமில் 0.1 எங்கே என்று கேட்டால் திட்டுவீர்களோ?

#11 சதுரமுடிச்சு

திட்ட மாட்டோம். உங்களிடம் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. திரைக்கான வேலையைப் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி செய்கிறது. அதற்குச் சொந்த நினைவகம் கிடையாது, பொது ரேமில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் அதுதான்.

உங்கள் எண்களைப் படித்தால் கதை முழுவதும் தெரிகிறது. பிராசஸர் 12 சதவீதம். அது வேலை இல்லாமல் டிஸ்க்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் பழசு என்று சொன்னவர் குற்றமற்றவரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்.

கமிட்டட் என்றால் ஓடும் புரோகிராம்களுக்குத் தருவதாக விண்டோஸ் ஒப்புக்கொண்ட மொத்த நினைவகம். அதன் வரம்பு 7.9 என்பது ரேம் 3.9, பேஜ் ஃபைல் 4. வழக்கமாக விண்டோஸ் தேவைக்கேற்பப் பேஜ் ஃபைலை வளர்த்துக்கொள்ளும். மிகச் சரியாக 4-ல் நிற்பதைப் பார்த்தால் முன்பு பயன்படுத்தியவர் அளவைக் கையால் கட்டிப்போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். அந்த எச்சரிக்கை வருவது ரேம் நிறைந்ததால் மட்டும் இல்லை, ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்து நிறைந்ததால். விர்ச்சுவல் மெமரி அமைப்பில் போய் "தானாக நிர்வகி" என்று மாற்றி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

#12 வாசற்படி

சரியாகச் சொன்னீர்கள், 4096 என்று கையால் போட்டு வைத்திருந்தார். மாற்றினேன். எச்சரிக்கை போயே போய்விட்டது! ஆனால் கணினி முன்பைவிட மோசமாக ஊர்கிறது. முன்பு திட்டியது, இப்போது மௌனமாகப் பழிவாங்குகிறது.

#13 கருவண்டு

அப்படித்தான் இருக்கும். எச்சரிக்கை மென்பொருள் அமைப்பால் வந்தது, தாமதம் வன்பொருள் பற்றாக்குறையால் வருவது. இரண்டும் ஒரே நோய் என்று நினைத்திருந்தோம்.

#14 பழையவிசைப்பலகை

இந்த இடத்தில்தான் ஃபார்மட் ஆலோசனை அபத்தமாகிறது. ஃபார்மட் போட்டு விண்டோஸை மறுபடி நிறுவினால், தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த சில புரோகிராம்கள் போகும், ஒரு வாரம் கொஞ்சம் நன்றாக இருக்கும். 4 ஜிபி 4 ஜிபியாகவேதான் இருக்கும்.

கோளாறு வன்பொருளா மென்பொருளா என்று பிரிக்க நான் செய்வது: லினக்ஸை (விண்டோஸ் போல இன்னோர் இயங்குதளம்) ஒரு யுஎஸ்பியில் போட்டு அதில் இருந்து கணினியைத் தொடங்குவேன். டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸைத் தொடவே வேண்டாம். அதிலும் அதே கோளாறு என்றால் வன்பொருள். எல்லா நேரமும் பொருந்தாது. டிஸ்க் பழுது என்றால் யுஎஸ்பி லினக்ஸில் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் டிஸ்க்கையே அது பயன்படுத்தவில்லை. அதனால் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையையும் தனியாகப் பார்ப்பேன். ஒதுக்கப்பட்ட பழுது செக்டர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் முதலில் நகல் எடுப்பேன், மற்றதெல்லாம் பிறகு.

விசிறியில் தூசி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். சூடானால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

#15 வாசற்படி

ஸ்மார்ட் பார்த்தேன், பூஜ்யம்தான். விசிறியில் கம்பளி நெய்யும் அளவுக்கு இருந்தது, சுத்தம் செய்தேன்.

இன்னொரு விசித்திரம். சுவிட்ச் போர்டில் இருந்து பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டால் தேதி 2017 ஜனவரி 1 ஆகிவிடுகிறது. அப்போது எந்த இணையதளமும் திறப்பதில்லை, "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்கிறது. இதுதான் வைரஸோ?

#16 சதுரமுடிச்சு

நாணயம் போன்ற ஒரு பேட்டரி. மதர்போர்டில் இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். பிளக் பிடுங்கியிருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அது. தீர்ந்துவிட்டது. இணையதளங்களின் சான்றிதழ்களுக்கு "இந்தத் தேதியில் இருந்து செல்லும்" என்று இருக்கும். உங்கள் கணினி 2017-ல் வாழ்கிறது, அதன் கண்ணுக்கு எல்லாச் சான்றிதழும் இன்னும் பிறக்கவே இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஒரு சேர்க்கையும் இங்கே உண்டு. மென்பொருள் டிஸ்க்கில் இருக்கிறது என்றேன். டிஸ்க்கில் இருந்து விண்டோஸை ரேமுக்குக் கொண்டுவருவதே ஒரு மென்பொருளின் வேலை, அது எங்கே இருக்கும்? மதர்போர்டில் தனியாக ஒரு சின்ன ஃபிளாஷ் சில்லில். பயாஸ் என்பார்கள், இப்போது யுஇஎஃப்ஐ. பவர் பொத்தானை அழுத்தியதும் ஓடத் தொடங்குவது அதுதான். ரேமைத் தயார் செய்து, கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்து, விண்டோஸின் முதல் துண்டை ரேமில் ஏற்றி, பொறுப்பை ஒப்படைக்கும். இப்படி உறுப்பிலேயே ஒட்டி வருவது ஃபர்ம்வேர். எஸ்எஸ்டிக்குள் ஒன்று, பிரிண்டருக்குள் ஒன்று என்று பெட்டி முழுக்க இருக்கிறது. வன்பொருள், மென்பொருள் என்று நடுவில் கோடு போட்டுப் பிரிப்பது பாடப்புத்தகத்தில்தான் சுலபம்.

#17 மின்தடை

அப்படியானால் டிரைவர் என்பது? அதுவும் ஃபர்ம்வேரா?

#18 கருவண்டு

இல்லை, டிரைவர் இயங்குதளத்தின் பக்கம் நிற்கும் மொழிபெயர்ப்பாளர். விண்டோஸ் "இந்தப் பக்கத்தை அச்சிடு" என்றால், அதை அந்தக் குறிப்பிட்ட பிரிண்டருக்குப் புரியும்படி சொல்வது டிரைவர். மவுஸ், கீபோர்டுக்கு ஒரு பொது மொழி ஏற்கெனவே இருப்பதால் செருகியதும் வேலை செய்கின்றன. (ரேம் கிளீனரை எடுத்துவிட்டீர்களா?)

#19 மின்தடை

எடுத்துவிட்டேன் அண்ணா.

#20 ஓலைக்கட்டு

சரி, வாசற்படி எதை வாங்குவது? ரேமா, எஸ்எஸ்டியா? ஒன்றுதான் முடியும் என்றால் நான் எஸ்எஸ்டி என்பேன்.

#21 சதுரமுடிச்சு

பொதுவாக நானும் அதையே சொல்வேன். ஹார்டு டிஸ்க் அங்கும் இங்கும் சிதறிக் கிடப்பதை நொடிக்குச் சுமார் நூறு முறைதான் தேடி எடுக்கும், சாட்டா என்ற பழைய இணைப்பில் ஓடும் சாதாரண எஸ்எஸ்டி பல்லாயிரம் முறை. ஆனால் இவருக்கு 4 ஜிபி. ரேம் போதாமல் எஸ்எஸ்டி மட்டும் போட்டால் ஒரு வருடக் காத்திருப்பு மூன்றரை நாளாகும், நான்கு நிமிடமாக ஆகாது. இவர் விஷயத்தில் ரேம் முதலில், எஸ்எஸ்டி அடுத்து.

ரேம் வாங்கும்போது டிடிஆர்4 என்று தலைமுறையை மட்டும் அல்ல, மேசைக்கணினிக்கானது என்றும் சொல்லுங்கள். மடிக்கணினிக்கானது குட்டையாக இருக்கும், பொருந்தாது. டிடிஆர்3, டிடிஆர்5 இரண்டிலும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அழுத்தினாலும் இறங்காது.

எஸ்எஸ்டியில் எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் வேகமான என்விஎம்இ இணைப்பும் உண்டு, சாட்டாவும் உண்டு. முதலில் உங்கள் போர்டில் அந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

#22 பழையவிசைப்பலகை

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு செலவு செய்யுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஐ5-7400 விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. சில்லு நன்றாகத்தான் இருக்கிறது, மென்பொருள்தான் அதை வீட்டுக்கு அனுப்புகிறது. லினக்ஸுக்கு மாறினால் இன்னும் பல வருடம் ஓடும். எக்செல்லுக்குப் பதில் லிப்ரே ஆபிஸ் கால்க். உங்கள் கோப்பில் மேக்ரோ (கோப்புக்குள் எழுதி வைத்த தானியங்கிக் கட்டளைகள்) இருந்தால் மாறும் முன் சோதித்துப் பாருங்கள்.

#23 வாசற்படி

பத்து நாள் கழித்து வருகிறேன். போர்டில் எம்.2 இல்லை, சாட்டா எஸ்எஸ்டிதான். கூட ஒரு 8 ஜிபி ரேம்.

பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டு ரேமைச் செருகினேன். ஆன் செய்தால் திரையில் ஒன்றுமே இல்லை, பீப் பீப் என்று கத்துகிறது. வியர்த்துவிட்டது. பீப் சத்தமும் அந்தப் பயாஸ்தான் போடுகிறது, அப்படியானால் சில்லு உயிரோடுதான் இருக்கிறது என்று இந்த இழையை நினைத்துத் தைரியம் வந்தது. மறுபடி அணைத்துப் பார்த்தேன். ஒரு பக்கக் கொக்கி மூடவே இல்லை. அழுத்தினேன், டக் என்றது. 12 ஜிபி.

4-ம் 8-ம் சேர்ந்து ஓடுமா என்று பயந்தேன், ஓடுகிறது.

#24 சதுரமுடிச்சு

ஓடும். இரண்டிலும் நான்கு நான்கு ஜிபி ஜோடியாக இரட்டைத் தடத்தில், அதாவது இரண்டையும் ஒரே நேரத்தில் படித்து, வேகமாக ஓடும், மிச்ச 4 ஒற்றைத் தடத்தில். உங்கள் வேலைக்கு வித்தியாசம் தெரியாது.

இப்போது எண்கள் என்ன?

#25 வாசற்படி

அதே எக்செல், அதே டேப்கள். மெமரி 6.1 / 11.9. டிஸ்க் 2 சதவீதம். விண்டோஸ் வர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும், இப்போது இருபது நொடிக்குள். பழைய டிஸ்க்கைப் படங்களுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். அழித்துத் தொலைத்த 80 ஜிபி நினைவுக்கு வரும்போதுதான் வயிறு எரிகிறது. லினக்ஸை யுஎஸ்பியில் போட்டு அந்த எக்செல் கோப்பைத் திறந்து பார்த்தேன், ஒரு மேக்ரோ மட்டும் அடம்பிடிக்கிறது. அதற்குத் தனி இழை திறக்கிறேன்.

#26 கருவண்டு

அந்த 80 ஜிபி இருந்த டிஸ்க்கில் இனி எதையும் எழுதாதீர்கள். ஹார்டு டிஸ்க்கில் அழித்தால் பொதுவாக "இந்த இடம் காலி" என்ற குறிப்புதான் மாறும், மேலே வேறு எதுவும் எழுதப்படாதவரை படங்கள் அங்கேயே கிடக்கும். மீட்பு மென்பொருளை எஸ்எஸ்டியில் நிறுவி, மீண்டதையும் எஸ்எஸ்டியிலேயே சேமியுங்கள். இந்த நாட்களில் பேஜ் ஃபைல் அதில் வளர்ந்திருப்பதால் எல்லாமே கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன்.

பேட்டரியை மாற்றினீர்களா?

#27 வாசற்படி

மாற்றிவிட்டேன். 2017 முடிந்துவிட்டது. மீட்பு ஓடிக்கொண்டிருக்கிறது, இதுவரை 31 ஜிபி.